கருணையை வைத்துக்கொள்ளுங்கள், கணக்கைக் காட்டுங்கள்!

கிராமத்து மிஷன் ஆசுபத்திரிகளைக் கேள்வி கேட்டால் நம்ம ஆட்களுக்கே கோபம் வருகிறது. 'நம்மளத் தொட்டு வைத்தியம் பாத்தது அவங்கதானே, அவங்களையே வையலாமா?' என்கிறார்கள். தொட்டார்கள், யார் இல்லை என்றது? திண்ணையை மிதித்தாலே தீட்டு என்று ஊர் சொன்ன காலத்தில் நெய்யூரிலும் இராணிப்பேட்டையிலும் வேலூரிலும் நம் பாட்டன் பூட்டனின் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். அந்த வரலாறு நமக்கும் சொந்தம். ஆனால் நூறு வருசத்துக்கு முன்னால் தொட்டதற்கு இன்னும் எத்தனை தலைமுறை கும்பிடு போடுவது? ஆண்டைக்குப் போட்ட கும்பிடை விட்டுவிட்டு ஆசுபத்திரிக்குப் போடுவதற்கா விடுதலை கேட்கிறோம்?

இரண்டு நோய்களை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று எச்.ஐ.வி. இன்னொன்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இரண்டும் இடுப்புக்குக் கீழே என்பதால் மேடையில் பேச இயக்கத்து ஆண்களுக்குக் கூச்சம். நிலத்தைப் பற்றிப் பேசுவோம், இரட்டைக் குவளையைப் பற்றிப் பேசுவோம், பஞ்சமி நிலத்துக்காக அடிவாங்குவோம். நம்ம வீட்டுப் பொம்பளையின் கர்ப்பப்பையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டோம். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே வருசத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்தது. சுமார் 80,000 பேர் செத்தார்கள். ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல். இதில் எந்தச் சாவுக்காவது நாம் ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறோமா?

இது விதியா? கிடையாது. எச்.பி.வி. என்கிற கிருமி உடலுறவு வழியாகப் பரவுகிறது. பெரும்பாலான பெண்களின் உடம்பு அதைத் தானாகவே விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். தங்கியது புற்றாக மாற 15, 20 வருசம்கூட ஆகும். அத்தனை வருசமும் கர்ப்பப்பை வாயில் அடையாளம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நோய் இது. பார்த்தால் தெரியும், தெரிந்தால் அன்றைக்கே சுட்டோ உறையவைத்தோ நீக்கிவிடலாம். பார்ப்பதற்கு ஆள் இல்லாததால் சாகிறாள். ஆள் இல்லாமல் வைத்திருப்பது யார் என்பதுதான் அரசியல்.

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இந்தக் கெடுவும் குறுகிவிடுகிறது. 15 வருசம் 5, 10 வருசமாகச் சுருங்கும். மற்ற பெண்களைவிட அவளுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு 6 மடங்கு. அதாவது எச்.ஐ.வி. மருந்து கொடுத்து உயிரோடு வைத்திருக்கிற பெண்ணையே கர்ப்பப்பையைப் பார்க்காமல் விட்டுப் புற்றுக்குப் பலி கொடுக்கலாம். ஒரு கையால் காப்பாற்றி இன்னொரு கையால் கொல்லும் வைத்தியம் இது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில் பார் என்பதுதான் நமது கோரிக்கை.

யாருடைய இரத்தம்?

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததே தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். இரத்தம் சோதிக்கப்பட்டது வேலூர் சி.எம்.சி. என்கிற மிஷன் ஆசுபத்திரியில். அறிவியல் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இரத்தம் யாருடையது? காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களுடையது. எதற்காக எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்பதை எடுத்தவரே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். படிக்காதவர்கள், சொன்னாலும் புரியாது என்பது காரணம். படிக்காதவளுக்குப் புரியாது! எத்தனை காலமாகக் கேட்கிற வசனம் இது?

நோய் இருப்பது தெரிந்ததும் அரசு என்ன செய்தது? வைத்தியமா? தண்டனைக் காலம் முடிந்தும் அந்தப் பெண்களை விடாமல் பூட்டி வைத்தது. வழக்குப் போட்ட பிறகுதான் 1990இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மூலம் வெளியே வந்தார்கள். கிருமியைவிட வேகமாகப் பரவியது 'ஒழுக்கம்'. லாரி ஓட்டுநர், தாசி, குடிகாரன், சேரிக்காரன் என்று நோய்க்கு ஒரு சாதிப் பட்டியலே தயாரானது. மேட்டுக்குடி வீட்டில் வந்தால் 'இரத்தம் ஏத்துனதுல வந்துருச்சு', நம்ம வீட்டில் வந்தால் 'நடத்தை சரியில்ல'. பிரசங்க மேடையிலும் இதே பாட்டுத்தான் கேட்டது. பாவத்தின் சம்பளம் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வார்டில் கனிவாகப் பேசினால் நோயாளி எதை நம்புவாள்?

அமெரிக்கக் கறுப்புப் பெண்கள் கற்றுக்கொடுத்தது

1980களில் அமெரிக்காவில் எய்ட்ஸ் என்றால் என்னென்ன நோய்கள் என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அது ஆண்களின் உடம்பைப் பார்த்து எழுதிய பட்டியல். கர்ப்பப்பை வாய்ப் புற்று அதில் இல்லை. எச்.ஐ.வி. வந்து கர்ப்பப்பை புற்றில் செத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு எய்ட்ஸ் இல்லை என்று சான்றிதழ்! அந்தச் சான்றிதழால் உதவித்தொகையும் கிடையாது. பெண்களுக்கு எய்ட்ஸ் வருவதில்லை, சும்மா செத்துப்போகிறார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் காத்ரீனா ஹாஸ்லிப். கறுப்பினப் பெண். சிறையில் இருந்துகொண்டே சக கைதிகளுக்காக அமைப்புக் கட்டியவர். 1993 சனவரி 1 முதல் கர்ப்பப்பை வாய்ப் புற்று பட்டியலில் சேர்ந்தது. காத்ரீனா 1992 டிசம்பரில் செத்துப்போனார். வெற்றியைப் பார்க்கச் சில வாரம் மிச்சமிருந்தது.

நோய் எது என்பதை மருத்துவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருடைய உடம்பு உடம்பாக எண்ணப்படுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அந்தப் பெண்கள் கருணை கேட்கவில்லை. பட்டியலைத் திருத்து என்றார்கள். நாம் கேட்பதும் அதுதான்.

திண்டுக்கல் சொன்ன உண்மையும் சொல்லாத உண்மையும்

'கிராமத்துல இதெல்லாம் நடக்காதுங்க' என்பவர்களுக்கு ஒரே பதில் திண்டுக்கல். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கையில் இருக்கிற கிறித்தவ மருத்துவ மையமும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. காடியில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம். அதைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் கெட்ட இடம் வெளுத்துத் தெரியும். பார்த்தது பெரிய டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற நர்சுகள். 3,088 பேருக்கு வெளுத்துத் தெரிந்தது. தேவைப்பட்டவர்களுக்குச் சோதனைக்கு வந்த அன்றைக்கே நர்சுகளே உறையவைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. அழைக்கப்பட்ட பெண்களிடையே புற்று வருவது 25 சதவீதம் குறைந்திருந்தது. சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

ஒரு கிராமத்து மிஷன் ஆசுபத்திரி பங்குகொண்டு உலகத்துக்கே நிரூபித்த உண்மை இது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். இதே கணக்கின் மறுபக்கத்தையும் புரட்டுவோம்.

அந்த ஆய்வில் இன்னொரு குழு இருந்தது. 30,958 பெண்கள். அவர்களைச் சோதனைக்கு அழைக்கவில்லை. வழக்கமான கவனிப்பு என்று எழுதிக்கொண்டார்கள். வழக்கமான கவனிப்பு என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்தக் குழுவில் 92 பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் இறந்தார்கள். இதேபோல மும்பைச் சேரிகளிலும் மராட்டியத்து உஸ்மானாபாத்திலும் நடந்த ஆய்வுகளையும் சேர்த்தால் சோதனை இல்லாமல் விடப்பட்ட பெண்கள் சுமார் 1,38,000 பேர். இறந்தவர்கள் 254. அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்க முடியாது, உண்மைதான். சோதனை செய்த குழுவிலும் சாவு இருந்தது. ஆனால் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் சோதனை 1940களிலேயே வந்துவிட்டது. சோதித்தால் உயிர் பிழைக்கும் என்பது அப்போதே தெரிந்த சேதி. அப்புறம் எதற்காக ஒரு குழுவைச் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் ஏழைப் பெண்ணுக்கு எந்தச் சோதனையும் கிடையாது, எனவே சோதனை இல்லாமல் விடுவது இங்கே வழக்கத்துக்கு விரோதமில்லை என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். பாருங்கள் தோழர்களே, இந்தத் தர்க்கத்தை! நமக்கு ஒன்றும் கொடுக்காமல் இருந்ததே வழக்கம், அந்த வழக்கமே அளவுகோல், அந்த அளவுகோலின்படி ஒன்றும் கொடுக்காமல் இருப்பது குற்றமில்லை. மனு எழுதியதும் இப்படித்தான். அந்தப் பெண்கள் எல்லோரும் தலித்துகள் என்று சொல்லவில்லை. ஏழைகள், கிராமத்துக்காரிகள், குடிசைவாசிகள். ஆனால் 'ஒன்றுமில்லை' என்பது இந்த நாட்டில் சும்மா உண்டான நிலை கிடையாது. சாதி உழுது விதைத்த நிலை அது.

ஆய்வு முடிந்ததே, பிறகாவது வந்ததா? தமிழ்நாட்டில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு சோதனைத் திட்டம் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்க விரிவாக்கியது. அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்கிறது? 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியா முழுக்க 1.9 சதவீதம். உலகத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மண்ணில் பத்தில் ஒருத்தி. பாடம் எழுதும் சிலேட்டாக நம் உடம்பு, பாடத்தின் பலன் வேறு யாருக்கோ!

ஆசுபத்திரிக்குள் இருக்கிற சேரி

மிஷன் ஆசுபத்திரியில் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். சரி, பார்க்காத இடத்தைப் பார்ப்போம்.

வார்டைக் கூட்டுவது யார்? இரத்தத்துணி அள்ளுவது யார்? பிரசவ அறையைக் கழுவுவது யார்? அருந்ததியர், பறையர், ஆதிதிராவிடக் கிறித்தவர். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. குப்பைப் பையில் கிடக்கிற ஊசி டாக்டரின் விரலில் குத்துவதில்லை, இவர்கள் விரலில்தான் குத்துகிறது. குத்தினால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். டாக்டருக்குக் குத்தினால் உடனே மருந்து வரும். துப்புரவுத் தொழிலாளிக்கு? 'கழுவிக்கம்மா, ஒண்ணும் ஆகாது.' 2017இல் எச்.ஐ.வி. சட்டம் வந்தது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவ நிறுவனத்தில் தொற்று ஆபத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று எழுதவில்லை.

அதே சட்டம் எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி வைத்தியம் மறுக்கக்கூடாது, சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, வெளியே சொல்லக்கூடாது என்கிறது. நடப்பது என்ன? கேஸ் சீட்டில் தனியாக ஒரு குறி. வார்டின் கடைசிக் கட்டில். ஆபரேசன் என்றால் 'பெரிய ஆசுபத்திரிக்குப் போங்க'. கடைசிக் கட்டில் என்பது வேறொன்றுமில்லை, கட்டில்களுக்கு நடுவே ஒரு சேரி. தனிக் குவளைக்கு எதிராகப் போராடிய நாம் தனிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

சோதனை முகாமுக்கு வாருங்கள். எங்கே போடுகிறார்கள்? ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில், ஊர்ச் சாவடியில். எப்போது? வேலை நாளில், காலை பத்து மணிக்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, ஊர்த்தெருவில் நடந்து, ஊர்ப் பெண்களோடு வரிசையில் நின்று, ஒரு துணி மறைப்புக்குப் பின்னால் சேலையைத் தூக்க வேண்டும். வரவில்லை என்றால் 'விழிப்புணர்வு பத்தல' என்று அறிக்கை எழுதுகிறார்கள். அவளுக்கு விழிப்புணர்வு இருக்கிறது. எந்தத் தெருவில் எப்படி நடத்துவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் அவளுடைய விழிப்புணர்வு.

ஜாம்கேட்டில் கிணறு எங்கே வெட்டினார்கள்?

வேறு மாதிரி செய்ய முடியுமா? செய்து காட்டியிருக்கிறார்கள். மராட்டியத்தில் ஜாம்கேட் என்ற ஊரில் 1970இல் ராஜ் ஆரோலேயும் மேபல் ஆரோலேயும் ஒரு கிராமச் சுகாதாரத் திட்டம் தொடங்கினார்கள். இருவரும் வேலூர் சி.எம்.சி.யில் படித்த கிறித்தவ மருத்துவர்கள். கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர், தலித் பெண்கள் பலர். பயிற்சிக்கு வந்த எல்லாச் சாதிப் பெண்களும் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படுத்தார்கள். குடிநீர்க் குழாய்களைத் தலித் குடியிருப்பில் போட்டார்கள். தண்ணீர் வேண்டுமா, ஆதிக்க சாதிக்காரர்கள் அங்கே வந்துதான் பிடிக்க வேண்டும்.

இதுதான் வழி. முகாமைச் சேரியில் போடு! நல்ல மறைப்பு, நல்ல விளக்கு, நல்ல நர்சு எல்லாவற்றையும் சேரியில் வை. ஊர்ப் பெண்களுக்கும் கர்ப்பப்பை இருக்கிறது, அவர்களுக்கும் உயிர் பயம் இருக்கிறது. அவர்கள் வரட்டும். வர மறுத்தால் சாதிக்காகச் சாகத் துணிந்தவர்கள் என்று தெரிந்துகொள்வோம்.

சமாதானம் சொல்லாதீர்கள்

'பணம் இல்லை' என்பார்கள். அமிலத்துக்கு என்ன பெரிய பணம்? எச்.ஐ.வி. மருந்தை 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. 2017 முதல் நோய் உறுதியான எல்லோருக்கும் உடனே கொடுக்க வேண்டும் என்பது கொள்கை. அரசோடு பேசி, மருந்து கொடுக்கும் கிளை மையத்தைத் தங்கள் வளாகத்துக்குக் கொண்டுவருவதற்கு எத்தனை மிஷன் ஆசுபத்திரிகள் முயற்சி செய்திருக்கின்றன? எய்ட்ஸுக்கு வெளிநாட்டுப் பணம் கொட்டிய காலத்தில் பராமரிப்பு மையங்கள் முளைத்தன. பணம் வற்றியதும் கட்டில்கள் மடக்கப்பட்டன. நோயாளி மட்டும் அங்கேயே இருக்கிறாள். திட்டத்துக்குத்தான் காலக்கெடு உண்டு, கிருமிக்குக் கிடையாது.

'பொம்பளைங்க வெக்கப்படுறாங்க' என்பார்கள். திண்டுக்கல்லில் 100க்கு 63 பேர் வந்தார்களே, அவர்களுக்கு வெட்கம் இல்லையா? மதிப்பாக நடத்தினால் வருகிறார்கள். அதற்கும் மேலே போய் இன்றைக்கு எச்.பி.வி. சோதனை இருக்கிறது. உஸ்மானாபாத்தில் ஒரே ஒருமுறை செய்த எச்.பி.வி. சோதனை புற்றுச் சாவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது என்று 2009இல் வெளியானது. அந்தச் சோதனைக்கு வேண்டியதை ஒரு பஞ்சுக்குச்சியில் அவளே எடுத்துக்கொடுக்கலாம். யாரும் தொட வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம். வெட்கத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் முதலில் அந்தக் குச்சியைக் கொண்டு வந்து கையில் கொடுக்கட்டும்.

'நோயில அரசியல் பேசாதீங்க' என்பார்கள். நாம் பேசாவிட்டால் மற்றவர்கள் பேசுவார்கள். 2009இல் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்தில் எச்.பி.வி. தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது, விடுதியில் இருந்த பழங்குடிப் பிள்ளைகளுக்காகச் சம்மதக் கையெழுத்துப் போட்டது யார்? விடுதிக் காப்பாளர்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் இதைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. தடுப்பூசி கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நல்ல ஊசிதான், நம் பிள்ளைகளுக்கு இலவசமாக வேண்டும். ஆனால் நல்லதையும் நம்மிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கேட்காமல் செய்கிற நன்மைக்குப் பெயர் ஆண்டைத்தனம்.

திருச்சபைக்கும் ஒரு வார்த்தை. இந்தியக் கத்தோலிக்கரில் சுமார் 1 கோடியே 90 லட்சத்தில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது. அப்படியானால் இந்த ஆசுபத்திரிகளில் நாம் தர்மத்துக்கு வந்த விருந்தாளிகளா? 1950ஆம் ஆண்டு ஆணையைக் காட்டி அரசு தலித் கிறித்தவனைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. ஆசுபத்திரி நிர்வாகக் குழுவுக்கு வெளியே நிறுத்துவது எந்த ஆணை?

நமது கோரிக்கைகள்

எச்.ஐ.வி. மருந்துக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே நாளில், அதே இடத்தில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை. 25 வயதிலிருந்தே தொடங்கி 3 முதல் 5 வருசத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொல்லியிருக்கிறது. 30 வயது ஆகட்டும் என்று திருப்பி அனுப்பக்கூடாது.

அன்றைக்கே பார்த்து அன்றைக்கே சிகிச்சை. நர்சுகளுக்குப் பயிற்சியும் அதிகாரமும். புற்று உறுதியானால் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால் போதாது, கூட ஒரு ஆள் போக வேண்டும், பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் கொடுக்க வேண்டும்.

தனிக் கட்டில், தனிக் குறி ஒழிக. சம்மதத்தைத் தமிழில், வாயால் விளக்கிச் சொல்லி வாங்க வேண்டும்.

ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கும் கையுறை, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, ஊசி குத்தினால் இரவானாலும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து.

முகாம்கள் சேரியில், கூலிக்குப் போய்த் திரும்பிய பிறகு மாலையில். அழைத்து வருவதற்கு அதே சேரிப் பெண், சேவை என்ற பேரில் ஓசியாக இல்லை, மாதச் சம்பளத்தோடு.

எத்தனை பேரை அழைத்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது, இதில் சேரிப் பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கை வருசம் ஒருமுறை ஆசுபத்திரி வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற மிஷன் ஆசுபத்திரிக்கு ஐந்து பேராகப் போங்கள். மரியாதையாக உட்கார்ந்து இந்தக் கோரிக்கைகளைக் கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். அங்கே வேலை செய்கிற நல்ல நர்சுகளும் டாக்டர்களும் நம் எதிரிகள் இல்லை. அவர்களில் பலர் இதையே சொல்லிச் சொல்லி நிர்வாகத்திடம் தோற்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் நாம் நின்றால் நிர்வாகம் பேசியாக வேண்டும்.

போவதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடம், அக்காவிடம், சின்னம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா? தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேர் இல்லை என்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டே போங்கள்.